நனையாத துவாய்

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்குக் கொலைகாரர்கள் வருவதில்லை. வரி கட்டுகிறவர்கள்தான் வருவார்கள். டென்மார்க்கின் ஓகூஸ் நகரில், சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் மங்கையற்கரசி அக்கா. காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்து, பிறகு சொந்தமாகத் துப்பறிய வந்தவர். மற்றதில் நான், டானியல். அக்காவின் உதவியாளன், சாரதி, தேத்தண்ணி போடுகிறவன். வழக்கு இல்லாத நாட்களில் எங்கள் சனத்துக்கு வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பேன். உண்மையில் அலுவலக வாடகையைக் கட்டுவது என் வரிக் கணக்குத்தான். அக்காவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

அன்று வந்தவர் பக்கத்து ஊரான ரண்டர்ஸில் இருக்கும் தவராஜா. அறுபதை நெருங்கும் தொழிற்சாலை ஆள். காது கொஞ்சம் மந்தம், அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கதைப்பார். மழைச் சட்டையைக் கழற்றாமலே என் முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, என்ர மகள் சாரங்கி போலந்தில டொக்டருக்குப் படிக்கிறா. கனடாவில என்ர தம்பிக்குப் பிள்ளையளின்ர கொலிச் ஃபீசுக்கு வரியில கழிவு குடுக்கிறாங்களாம். எனக்கு இங்க எவ்வளவு வரும்? கணக்குப் பார்த்துச் சொல்லும்."

"ஒரு சதமும் வராது அண்ணை."

"யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்க என்ன கிடக்கு? இந்த நாட்டில யூனிவேர்சிற்றி ஓசி. ஓசிக்கு ஆராவது கழிவு குடுப்பானே? வெளியில போய்ப் படிச்சால் அரசாங்கம் பிள்ளைக்கு ஒரு பங்கு உதவி குடுக்கும். மிச்சம் உங்கட தலையில. அந்த மிச்சத்துக்கு வரிப் படிவத்தில ஒரு கட்டமும் கிடையாது. சரி, நீங்கள் எவ்வளவு கட்டினீங்கள்?"

அவர் தலையைக் குனிந்தார். "நான் கட்டேல்லை."

"கட்டாத காசுக்கோ கழிவு கேக்கிறீங்கள்? அண்ணை, உங்களை நிதி மந்திரியாப் போட வேணும்."

நான் மட்டும்தான் சிரித்தேன். அடுத்த அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டானியல், வாயை மூடிக்கொண்டு அவருக்கு ஒரு தேத்தண்ணி போடு. அண்ணை, நீங்கள் இஞ்சால வாங்கோ. வரி கேக்க வந்த ஆள் மாதிரி உங்கட குரல் இல்லை."

கதை தேத்தண்ணிக்கு முன்பே வெளியே வந்துவிட்டது. மகள் போலந்துக்குப் போகப் போகிறேன் என்றபோது தவராஜா மறுத்திருக்கிறார். இங்கே சும்மா படிக்கலாம், எதற்கு வெளியே என்று. மகள் போய்விட்டாள். செலவு முழுவதும் அரசாங்க உதவியில் ஓடுகிறது என்று இத்தனை வருடமும் நம்பியிருந்திருக்கிறார். கனடாத் தம்பி வரிக் கழிவைப் பற்றிச் சொன்ன பிறகு, ஃபீஸ் எவ்வளவு என்று மகளைக் கேட்டிருக்கிறார். உதவி ஒரு பங்குக்குத்தான் காணும் என்று மகள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மீதியை யார் கட்டுகிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

"ஆரோ ஒருத்தன் கட்டுறான் தங்கச்சி," என்றார் தவராஜா. "ஒரு குமர்ப்பிள்ளைக்கு ஒருத்தன் ஏன் சும்மா காசு கட்டுவான்? வாற ஞாயிறோட என்ர மனிசி றஜனி செத்து ஒரு வருசம், ஆட்டைத் திவசம். மகளுக்குச் சொல்லிப்போட்டன், ஆளின்ர பேரைச் சொல்லு, இல்லாட்டி இந்த வீட்டுப் படி ஏறாதை எண்டு."

"அவ என்ன சொன்னவ?"

"'அப்ப நான் வரேல்லை' எண்டு போனை வைச்சிட்டாள். தாயின்ர திவசத்துக்கு வராமல் விடுற அளவுக்கு அவன் பெரிசாப் போயிட்டான்." மழைச் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினார். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள எனக்கு ஆள் ஆரெண்டு தெரிய வேணும். தெரிஞ்சு, என்ர பிள்ளையைக் கூப்பிட வேணும்."

கோபமாக வந்த மனிதர் இல்லை இவர், மகளை எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று தெரியாமல் வந்தவர். பாவம், அதற்கு வரிக் கணக்கைச் சாட்டாகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

வந்ததோடு வந்தார், அவருடைய கணக்கையும் ஒருமுறை பார்ப்போம் என்று திரையைத் திறந்தேன். அவருக்கு அதிலும் ஒரு முறைப்பாடு இருந்தது.

"மனிசி முழங்கால் வருத்தத்தில வேலையை விட்டு வீட்டில இருந்தவள். உதவிப் பணமும் எடுக்கேல்லை, என்ர உழைப்புத்தான். மனிசி சும்மா இருந்தால் புருசனுக்கு வரி குறையும் எண்டு வேலையில பொடியள் சொல்லுறாங்கள். எனக்குக் குறையவே இல்லை. அதையும் ஒருக்காப் பாரும்."

பார்த்தேன். பார்த்ததும் எழுந்து போய் அக்காவைக் குசினிப் பக்கம் கூப்பிட்டேன்.

"அக்கா, இந்த நாட்டில ஒவ்வொருத்தரும் கொஞ்சக் காசை வரியில்லாமல் உழைக்கலாம். மனிசி உழைக்காட்டி அந்தப் பங்கு தானாவே புருசன்ர கணக்குக்குத் தாவும். கேக்கவே தேவையில்லை. இவருக்கு ஒரு வருசமும் தாவேல்லை."

"எண்டால்?"

"எண்டால் றஜனி அக்கா தன்ர பங்கைத் தானே முடிச்சிருக்கிறா. வீட்டில இருந்த மனிசி எங்கேயோ உழைச்சிருக்கிறா."

அக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். என் சேவைக் காலத்தில் அது பெரிய பாராட்டு. "இப்ப அவருக்குச் சொல்லாதை. அரைவாசியைச் சொன்னால் மிச்சத்தை அந்த மனிசன் தானே கற்பனை பண்ணும். வீட்டைப் பாப்பம், காரை எடு."

மற்றத் துப்பறிவாளர்கள் வரவேற்பறையைப் பார்ப்பார்கள். எங்கள் அக்கா நேரே குளியலறைக்குப் போவார். ரண்டர்ஸ் வீட்டில் றஜனியின் சீப்பு, பவுடர், தைலப் போத்தல் எல்லாம் ஒரு வருடமாக வைத்த இடத்திலேயே இருந்தன. அக்கா தட்டிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நிறமில்லாத நகப்பூச்சு, அடியில் கொஞ்சம் மிச்சம்.

"றஜனி நகத்துக்குப் பூசுறவவோ?"

"அவளோ? கலியாணத்துக்கே மருதாணி போட வெக்கப்பட்டவள்," என்றார் தவராஜா. "மகளின்ரயா இருக்கும்."

"மகள் வீட்டை விட்டுப் போய் வருசக் கணக்கு. பூச்சு இன்னும் காயேல்லை." அக்கா போத்தலைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "வீட்டில இருந்தவ எண்டு சொன்னீங்கள். பொழுது எப்பிடிப் போகும்?"

முதல் தடவையாக மனிதரின் முகம் மலர்ந்தது. "நீச்சல்! முழங்காலுக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவராம். விடிய வெள்ளனப் பையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாள். மட்டக்களப்புக் கடலில கால் நனைக்கப் பயந்தவள் டென்மார்க்கில நீந்துறாள் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சனான்." மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "அங்கதான் விழுந்தவள். மூளையில நரம்பு வெடிச்சுப் போச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போகேக்க கதை முடிஞ்சுது. அந்தப் பையைத் தந்தவங்கள். நான் இன்னும் திறக்கேல்லை."

அலுமாரிக்குள் இருந்த பையை அக்கா அவரிடம் கேட்டுத்தான் திறந்தார். குளித்துத் துடைக்கிற துவாய் ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு சோடி கறுப்புக் காலுறை, அதில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவுதான்.

"நீச்சலுடுப்பு எங்க அண்ணை?"

"நான் கண்டதில்லை. வெக்கத்தில எங்கையாவது ஒளிச்சுக் காயப் போடுவாள் எண்டு நினைச்சனான்."

அக்கா காலுறையை எனக்கு நீட்டினார். "டானியல், இது என்ன புள்ளி?"

"புளீச், அக்கா. நிலம் கழுவுற மருந்து. என்ர நல்ல காற்சட்டை ஒண்டை அதாலதான் குப்பையில போட்டனான்."

வெளியே வரும்போது அக்கா சாமித்தட்டின் முன் நின்றார். நடுவில் றஜனியின் படம். ஒடுங்கிய முகத்தில் சிரிப்பு மட்டும் தாராளமாக இருந்தது. படத்தின் மேல் அவருடைய தாலிக்கொடி சார்த்தியிருந்தது.

"நல்ல பெரிய கொடி. கையில எடுத்துப் பாக்கட்டோ?"

"வேண்டாம்!"

அந்த 'வேண்டாம்' கொஞ்சம் அவசரமாக வந்தது. மனைவியின் நினைவு, யாரும் தொடக் கூடாது என்கிறார் என்று நினைத்தேன். அக்கா செருப்பைப் போட்டார்.

நீச்சல் மண்டபத்தில் குளோரின் மணம் மூக்கை அடைத்தது. தண்ணீர்க்கரையில் ஒரு பெரிய பெண் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் கியர்ஸ்ரன். அவள் பேசியது ஜூலண்ட் பக்கத்து நாட்டுப்புற டேனிஷ், பாதி எனக்கே விளங்கவில்லை. விளங்கியதைத் தமிழில் சொல்கிறேன்.

றஜனி என்ற பெயரைக் கேட்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, பக்கத்தில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கே நீந்த வருவாவோ?" என்று கேட்டார் அக்கா.

"நீந்தவா? சின்னப் பிள்ளைகளின் குளத்துக்குக்கூடப் பக்கத்தில் போகமாட்டாள். ஒருமுறை வாளி தண்ணீருக்குள் விழுந்து, நான்தான் இறங்கி எடுத்துக் கொடுத்தேன்." சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். "என்னோடு சேர்ந்து துப்புரவு வேலை செய்தாள். உழைப்பது முழுக்க மகளின் படிப்புக்கு. கடைசியில் இந்த வருடத்துக்கும் சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் போனாள். மகள் டொக்டரானதும் கணவனைக் கூட்டிவந்து, 'நான் நீந்தின இடம் இதுதான்' என்று காட்டப் போவதாகச் சொல்லிச் சிரிப்பாள். அவள் விழுந்தபோது என் மடியில்தான் தலை இருந்தது."

அக்கா நகப்பூச்சுப் போத்தலை எடுத்து வாங்கில் வைத்தார். கியர்ஸ்ரன் அதைத் தெரிந்தவள் போலத் தொட்டாள்.

"இது நான் கொடுத்தது. கழுத்தில் ஒரு தடித்த சங்கிலி போட்டிருப்பாள். இங்கத்தை மருந்துத் தண்ணீர் பட்டு அது கறுக்கத் தொடங்கிவிட்டது. கழுத்தெல்லாம் தடிப்பு. கழற்றிவிடு என்று சண்டை பிடித்தேன், கேட்கவில்லை. சரி, மேலே இதைப் பூசு, கறுக்காது என்று காட்டிக் கொடுத்தேன். இந்த வாங்கில் இருந்துதான் பூசுவாள்."

"சங்கிலியை விற்க நினைக்கவில்லையா?" என்றார் அக்கா.

கியர்ஸ்ரன் கொஞ்சம் யோசித்தாள். "நினைத்தாள். அப்போது வாரக் கடைசியில் மட்டும்தான் வேலை. சங்கிலியை விற்றால் மகளின் கட்டணத்துக்குக் காணும் என்று ஓகூஸ் நகைக்கடைக்குப் போனாள். அடுத்த முறை வந்தபோது சங்கிலி கழுத்திலேயே இருந்தது. உடுப்பு மாற்றும் அறையில் இருந்து நன்றாக அழுதாள். ஏன் என்று சொல்லவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு, 'எல்லா நாளும் எனக்கு வேலை தா' என்று கேட்டாள்."

காரில் ஏறியதும் நான் தவராஜாவின் இலக்கத்தைத் தேடினேன். "முடிஞ்சுது அக்கா! ஒருத்தனும் இல்லை. தாய்தான் கட்டினது. மனிசன் இப்பவே மகளைக் கூப்பிடும்."

"போனை வை. ஒண்டு சொல்லு, 'அம்மா கட்டினவ' எண்டு சொல்ல அந்தப் பிள்ளைக்கு என்ன கரைச்சல்? தாய் செத்து ஒரு வருசம். வேலைக்குப் போனது களவோ? திவசத்துக்கு வராமல் இருந்தாலும் இருப்பன், அதை மட்டும் சொல்ல மாட்டன் எண்டு ஏன் நிக்கிறாள்?"

போனை வைத்துவிட்டுக் காரைத் தவராஜா வீட்டுக்குத் திருப்பினேன்.

தவராஜா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. றஜனி எங்கே போனார், என்ன வேலை செய்தார், யாருக்காகச் செய்தார் என்று நேரே சொன்னார். மனிதர் கதிரையில் விழுந்தார். அழுகை வருவதற்கு முன் ஒரு நிம்மதி வந்ததைக் கண்ணால் கண்டேன். என் பிள்ளை பிழை விடவில்லை என்கிற நிம்மதி. அதற்குப் பிறகு அழுதார்.

"நான் சந்தேகப்பட்டிட்டன் தங்கச்சி. என்ர பிள்ளையை... ஐயோ, இவள் அந்த முழங்காலோட நிலம் துடைச்சிருக்கிறாளே! என்னட்டக் கேட்டிருக்கலாமே!"

அக்கா அவரை அழ விட்டார். பிறகு மெல்லச் சொன்னார். "அண்ணை, எங்கட சனத்தில ஆரும் இதைக் கேட்டால் முதல் என்ன சொல்லும் தெரியுமோ? 'ஏன் இவள் நிலம் துடைச்சவள், கழுத்தில அவ்வளவு பெரிய கொடி கிடந்ததே, அதை வித்திருக்கலாமே' எண்டு. நீங்கள் மட்டும் கேக்கேல்லை."

அழுகை நின்றது.

"கொடியைத் தொட வேண்டாம் எண்டு சொன்னீங்கள். தூக்கிப் பாத்தால் எனக்குப் பாரம் தெரிஞ்சிடும் எண்டுதானே?"

பதிலுக்குப் பதிலாக மேசையில் அவருடைய ஃபோன் அதிர்ந்தது. திரையில் 'தம்பி கனடா'. தவராஜா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்து ஓய்ந்த பிறகு, ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"இவனைக் கனடாவுக்கு அனுப்பின ஏஜென்சிக் காசுக்கு," என்றார். அந்தப் பெரிய குரலைக் காணவில்லை. "கொழும்பில மாட்டுப்பட்டுக் கிடந்தவன். பொலிஸ் தேடுது, கெதியாக் காசு அனுப்பு எண்டு அழுறான். முந்தி றஜனியின்ர அண்ணன் இப்பிடிக் கேக்கேக்க உதவாத ஆள் நான், என்ர தம்பிக்கெண்டு எந்த முகத்தோட அவளிட்டக் கேக்கிறது? 'கொடி மங்கிப் போச்சு, லண்டனில மினுக்கிக்கொண்டு வாறன்' எண்டு வாங்கிக்கொண்டு போய் அடகு வைச்சனான். அதே மாதிரி ஒண்டு முலாம் பூசிச் செய்விச்சன். தாலியை மட்டும் மாத்தேல்லை தங்கச்சி, கொடியைத்தான். அடுத்த வருசம் மீட்டுப்போடலாம் எண்டு நினைச்சன். ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசமாப் போச்சு." நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "அவளுக்குத் தெரியாது. அது ஒண்டுதான் எனக்கு ஆறுதல். தெரியாமலே போயிட்டாள்."

அக்காவின் கை பைக்குள் போனது, ஆனால் உடனே வெளியே வரவில்லை. எத்தனையோ பேரின் பொய்யைக் கண் இமைக்காமல் உடைத்த மனுஷி, அந்த ஒரு போத்தலை எடுக்கத் தயங்கியதை அன்றுதான் பார்த்தேன். எடுத்து மேசையில் வைத்தார்.

"தெரியும் அண்ணை. மகளின்ர ஃபீசுக்கு விக்கவெண்டு நகைக்கடைக்குப் போன அண்டைக்கே தெரியும். அதுக்குப் பிறகுதான் முழு நாளும் வேலை கேட்டிருக்கிறா. கொடி கறுக்கத் தொடங்க, உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு இதைப் பூசிப் பூசி வைச்சிருக்கிறா."

தவராஜா போத்தலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்பவும் போத்தலைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையில முழுகிப்போட்டு வந்து, கொடியை எடுத்துக் கண்ணில ஒத்துவாள்," என்றார். "கடைசி வெள்ளியும் ஒத்தினவள். நான் பக்கத்தில நிண்டனான்."

பிறகு, கவிழ்த்து வைத்த ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். காது மந்தம் என்பதால் அவர் கதைப்பது எப்போதும் ஒலிபெருக்கியில்தான். சாரங்கி டேனிஷில் என்ன வேணும் என்று கேட்டாள், வெட்டுக் குரலில்.

"அம்மா நீந்தப் போகேல்லை எண்டு தெரியும் மகள்."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கொடியும் தெரியும். அம்மாவுக்குத் தெரியுமெண்டும் தெரியும்."

டேனிஷ் எங்கேயோ போய்விட்டது. "அப்பா..." என்றாள். அழுகைக்கு நடுவே மிச்சம் வந்தது. "அம்மா என்னட்டச் சத்தியம் வாங்கினவ அப்பா. 'நான் வேலை செய்யிறன் எண்டால், கொடி இருக்க ஏன் எண்டு கதை வரும். எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் அந்த மனிசன் பிறகு என்ர முகத்தைப் பாத்துக் கதைக்காது. எனக்கு அது ஏலாது பிள்ளை' எண்டு சொன்னவ. அதுதான் நான் சொல்லேல்லை. நீங்கள் கேட்டதுக்கு எனக்குக் கோபம். எண்டாலும் சொல்லேல்லை."

"கோபப்படு. வந்து கோபப்படு. ஞாயிற்றுக்கிழமை நீ வராமல் நான் விளக்குக் கொளுத்த மாட்டன்."

"வாறன் அப்பா."

ஃபோனை வைத்துவிட்டு எழுந்தார். நாங்களும் கிளம்ப எழுந்தோம். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. சாமித்தட்டிலிருந்து கொடியைக் கழற்றி ஜன்னலடிக்குக் கொண்டுவந்தார். படத்தின் ஆணியில் உரசிய இடத்தில் பூச்சுப் போய், விரல் நீளத்துக்குக் கறுத்திருந்தது. விளக்குப் புகை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம். போத்தலைத் திறந்து, அந்தச் சின்னத் தூரிகையைத் தன் தடித்த விரல்களால் பிடித்து, கறுத்த இடத்தைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பூசினார். நான் கொடியின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன். தவராஜா பூசிய இடத்தை வாயால் ஊதினார்.

"தம்பி, அவள் இதை எப்பிடிக் காய வைக்கிறவள்? அந்த டேனிஷ் மனிசிக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் அண்ணை என்றேன்.